வேலூர்க் கோட்டையும் ஸ்காட்லாந்துப் பாவாடையும்

இப்போது உல்லாசக் கப்பல்களில் இசை விழா நடத்துகிறார்கள். மேல்தளத்தில் ஒரு நாட்டுப்புறக் குழு, முழங்கால் வரை கட்டம் போட்ட பாவாடை கட்டி, கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு பேக்பைப் ஊதும். பேரப்பிள்ளைகள் கைபேசியில் அதைக் காட்டி, "ஆம்பளைங்க பாவாடை கட்டியிருக்காங்க தாத்தா" என்று சிரிப்பார்கள். மடித்துக் கட்டிய வேட்டியோடு உட்கார்ந்திருக்கும் நாம் அதற்குச் சிரிப்பது அவ்வளவு நியாயமில்லை. அந்தப் பாவாடைக்காரர்களுக்கும் நம் பழைய வட ஆற்காட்டுக்கும் 240 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பு உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த உடைக்குக் கில்ட் என்று பெயர். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டு மக்கள், அதாவது ஹைலேண்டர்கள், உடுத்தியது. பின்பக்கம் கொசுவம் வைத்த கம்பளித் துணி. 1745-இல் அந்த மக்களில் ஒரு பகுதியினர் லண்டன் அரசை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். 1746 ஏப்ரலில் கலோடன் என்ற இடத்தில் தோற்றார்கள். ஆயுதத்தைப் பிடுங்கியதோடு அரசு நிற்கவில்லை. அதே ஆண்டு, ஹைலேண்ட் உடையை ஆண்கள் உடுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறை என்றால் ஏழு ஆண்டு நாடு கடத்தல். ஜேம்ஸ் ரீட் என்ற பைப் கலைஞர், "நான் வாள் ஏந்தவில்லை, இசைதான் ஊதினேன்" என்ற பொருளில் வாதாடிப் பார்த்தார். பைப்பும் ஒரு போர்க்கருவிதான் என்று சொல்லி நீதிமன்றம் அவரைத் தூக்கில் போட்டது.

சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு. அரசரின் படையில் சேர்ந்தவன் கில்ட் உடுத்தலாம். ஊரில் உடுத்தினால் சிறை, அரசருக்காகச் சண்டை போட்டால் அதே உடை சீருடை!

அப்படிப் படையில் சேர்ந்தவர்களில் ஒரு கூட்டம்தான் நம் பக்கம் வந்தது. 1745 கிளர்ச்சியில் இளைஞராகக் கலந்துகொண்டு, பிடிபட்டு, மன்னிப்புப் பெற்று, பல ஆண்டுகள் ஸ்வீடன் படையில் இருந்தவர் லார்ட் மக்லவுட். அவர் 1777-இல் ஒரு ஹைலேண்ட் படைப்பிரிவைத் திரட்டினார். அது 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கியது. அந்த ஆண்டே செப்டம்பர் 10-ஆம் தேதி, காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு படைகளிடம் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. பெய்லியோடு இருந்த ஹைலேண்டர்களில் பிழைத்தவர்கள் சிறைப்பட்டார்கள். டேவிட் பெயர்ட் என்ற கேப்டனும் அவர்களில் ஒருவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கைதியாகக் கிடந்தார்.

மறு ஆண்டு 1781 ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டைப் போர். அதில் குண்டுமழைக்கு நடுவே விடாமல் ஊதிய பைப் கலைஞரைப் பார்த்து மகிழ்ந்த தளபதி அயர் கூட், படைப்பிரிவுக்கு வெள்ளிப் பைப் வாங்க 50 பவுன் கொடுத்தார் என்பது அந்தப் பிரிவினர் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. செப்டம்பர் 27-இல் நம் சோளிங்கரில் போர். யோக நரசிம்மரைத் தரிசிக்க நாம் படியேறும் அதே சோளிங்கர்தான். அந்த ஊரின் பெயர் பின்னாளில் அந்த ஸ்காட்லாந்துப் படையின் விருதுப் பட்டியலிலும் ஏறியது. இன்னொன்றையும் கவனியுங்கள். சோளிங்கரில் அவர்கள் உயிரைக் கொடுத்துப் போரிட்ட அன்று, அவர்களுடைய சொந்த ஊரில் கில்ட் உடுத்துவது இன்னும் குற்றம். அந்தச் சட்டம் 1782-இல்தான் நீங்கியது. (கம்பளிப் பாவாடை நம் வெயிலுக்கு எப்படித் தாங்கும்? இந்தியா வந்த ஹைலேண்ட் படையினர் பெரும்பாலும் கால்சட்டைக்கு மாறிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.)

கைதியாக இருந்த டேவிட் பெயர்ட் 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். திப்பு அன்று வீழ்ந்தார். அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தையும் கொண்டுவந்து வைத்த இடம் நம் வேலூர்க் கோட்டை.

இனிமேல் நடந்தது நமக்குத் தெரிந்த கதை. ஆனால் ஸ்காட்லாந்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை அதைப் படித்துப் பாருங்கள்.

தலைமைத் தளபதி ஜான் க்ராடக், கவர்னர் வில்லியம் பென்டிங்க் காலத்தில் சென்னைப் படைக்குப் புதிய உடை விதிகள் வந்தன. அணிவகுப்பில் திருநீறோ நாமமோ கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசை சொன்ன அளவில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதுத் தலைப்பாகை. பார்த்தால் வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி இருக்கும். அதில் தோலால் ஆன ஒரு குஞ்சம். அது பசுத்தோலோ பன்றித்தோலோ என்று இந்துவும் முஸ்லிமும் ஒருசேரக் கலங்கினார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோல் நமக்குச் சோறு போட்ட பொருள். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டி வாசனையில் வளர்ந்தவர்கள் நாம். தோலை யாரும் இங்கே வெறுக்கவில்லை. காலில் செருப்பாகக் கிடக்கிறது, இடுப்பில் வாராகச் சுற்றுகிறது, பறையிலும் மிருதங்கத்திலும் பேசுகிறது. சதிர் மேளத்தில் சுருதிக்கு ஊதிய துத்தியும் ஆட்டுத்தோல் பைதான். ஸ்காட்லாந்துக்காரர் கக்கத்தில் இடுக்கிய பையும் அந்நாளில் தோல்தான். பிரச்சினை தோலில் இல்லை. அதை ஒருவன் தலையில், அவனைக் கேட்காமல், தண்டனை மிரட்டலோடு வைத்ததில் இருக்கிறது.

1806 மே மாதமே வேலூரில் சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தார்கள். பதில் விசாரணையும் கசையடியும். ஜூலை 10 அதிகாலை கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. 69-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த வெள்ளையர் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மைசூர்க் கொடி ஏறியது. செய்தி ஆற்காட்டுக்கு எட்டி, அன்று காலையிலேயே கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார். அதன்பின் கொல்லப்பட்ட சிப்பாய்கள் பல நூறு பேர். சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்களும் அதில் உண்டு. தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 1807-இல் பென்டிங்கும் க்ராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

திப்பு மக்களின் பங்கு, சம்பளக் குறை, பறிபோன அரசுகள் என்று வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே இரவில் ஒன்றாக எழச் செய்தது உடைதான். உடை விஷயத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது லண்டனுக்குத் தெரியாததல்ல. சொந்தத் தீவிலேயே 36 ஆண்டுகள் அதைச் செய்து பார்த்து, ஒருவழியாகக் கைவிட்ட அரசு அது. அங்கே படித்த பாடத்தை இங்கே கப்பலேற்றவில்லை.

இதற்கு ஒரு பின்குறிப்பும் வரலாற்றிலேயே இருக்கிறது. வேலூருக்கு மூன்று ஆண்டு கழித்து, 1809-இல், சில ஹைலேண்ட் படைப்பிரிவுகளின் கில்ட்டை அரசே நீக்கியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்ட 73, 74-ஆம் பிரிவுகளும் அவற்றில் அடக்கம். காரணம் என்ன தெரியுமா? மலைநாட்டில் ஆள் கிடைக்கவில்லை. மற்றப் பகுதி இளைஞர்கள், இங்கிலாந்துக்காரர்கள் உட்பட, பாவாடை கட்ட விரும்பாமல் படையில் சேரத் தயங்கினார்கள். அவர்களுக்குப் பிடிக்காத உடையை மாற்ற ஒரு காகிதம் போதுமாக இருந்தது. நம் சிப்பாய்க்குப் பிடிக்காத தலைப்பாகையை மாற்ற அத்தனை உயிர் போக வேண்டியிருந்தது.

1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னரே எடின்பரோவில் கில்ட் உடுத்தினார். தடை செய்த உடை அரச உடையானது, இன்று விழா உடையாகவும் ஆகிவிட்டது. வேலூர்ச் சிப்பாய்களுக்கு 200-ஆம் ஆண்டான 2006-இல் ஓர் அஞ்சல் தலை வந்தது. மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் நிற்கிறது. பேருந்துக்கு அவசரமாகப் போகும்போது நாம் கவனிப்பதில்லை. அடுத்த முறை பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று, ஒரு தலைப்பாகைக்காக ஏன் அத்தனை பேர் செத்தார்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.