கொடியும் கல்லும் காமிராவும்

திருப்பூர் என்றவுடன் பனியன் நினைவுக்கு வருவது இயற்கை. நொய்யல் ஆற்றங்கரையில் பருத்தி வியாபாரமாகத் தொடங்கி, ஜின்னிங் பாக்டரியாக வளர்ந்து, இன்று பின்னலாடையாகக் கப்பலேறி உலகமெல்லாம் சுற்றி வருகிற ஊர் அது. "அந்த ஊருக்குக் காமிராவை எடுத்துக்கொண்டு போய் எதைப் படம் பிடிப்பது? துணி உலர்த்தும் கொடியையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அவர் வாயில் வந்த சொல் அவரையும் அறியாமல் பொருத்தமாக வந்துவிட்டது. திருப்பூரில் முதன்முதலாகப் படம் பிடிக்க வேண்டியது ஒரு கொடியைத்தான்.

அந்தக் கொடியைப் பிடித்திருந்தவர் குமரன். சென்னிமலையில் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வந்து, பருத்தி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1932-ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் காந்திஜி மறுபடியும் கைதானார்; சட்டமறுப்பு இயக்கம் மீண்டும் மூண்டது. 10-ஆம் தேதி தடையை மீறி ஒரு சிறு தொண்டர் படை திருப்பூர் வீதியில் ஊர்வலம் போயிற்று. போலீசாரின் தடி குமரனின் தலையில் இறங்கியது. அவர் சாய்ந்தார், கையில் இருந்த கொடியை மட்டும் விடவில்லை. மறுநாள், ஜனவரி 11-ஆம் தேதி, அவர் உயிர் பிரிந்தது. வயது இருபத்தேழு.

நடந்தது சில நிமிஷ நேரச் சம்பவம். அதை இன்று வரை நம் கண்முன் நிறுத்தி வைத்திருப்பது எது? 'கொடி காத்த குமரன்' என்று மக்கள் வாயில் பிறந்த பெயர் ஒன்று; ரயில் ஸ்டேஷனுக்கு அருகே உள்ள நினைவகமும் அவருடைய சிலையும் மற்றொன்று. ஊரின் முக்கிய வீதி குமரன் ரோடு. 2004-இல் நூற்றாண்டு விழாவின்போது தபால்தலையும் வந்தது. வீதியில் அவர் விழுந்தார். சிலையில் அவர் விழுவதே இல்லை. ஷிப்டுக்கு ஓடுகிறவர்களும் ஊருக்குத் திரும்ப வண்டி பிடிக்கிறவர்களும் அவரைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். நிமிர்ந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று நான் கணக்கெடுக்கவில்லை. பார்க்காமல் போவதும் ஒருவகை உரிமைதான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவரை நாம் தினமும் உற்றா பார்க்கிறோம்?

விழுந்தவனுக்குக் கல் நிறுத்தும் வழக்கம் வெள்ளைக்காரனிடம் நாம் கற்றதன்று. போரில் பட்ட வீரனுக்கு நடுகல் எடுப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று தொல்காப்பியமே முறை வகுத்திருக்கிறது. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, அதை நீராட்டி, நாட்டி, படையலிட்டு, வாழ்த்துவது வரையில் ஆறு கட்டங்கள். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய சமாசாரம். கொங்கு நாட்டிலோ புலிகுத்திக் கல் என்றே ஒரு வகை உண்டு. ஆநிரையைக் காக்கப் புலியோடு மல்லுக்கு நின்று மாண்டவனின் உருவம், பாய்கிற புலி, அதன் உடலில் இறங்கும் ஆயுதம். உடுமலைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் காணலாம். புலியை எதிர்த்தவனுக்கும் போலீஸ் தடியை எதிர்த்தவனுக்கும் ஊர் செய்த மரியாதை ஒன்றேதான்.

ஆனால் கல்லுக்கும் ஆயுசு உண்டு. மழை எழுத்தைத் தின்கிறது. மண் இடுப்பளவு மூடுகிறது. பெயர் தெரியாத கல் என்றால் துணி துவைக்கவோ மாடு கட்டவோ பயன்படுத்திக்கொள்கிறோம். ரோடு அகலமாகும்போது அது எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை. 1970-க்குப் பின் செங்கம் வட்டாரத்தில் தொல்பொருள் துறையினர் டாக்டர் இரா. நாகசாமியின் தலைமையில் ஊர் ஊராகப் போய் நடுகற்களைப் பதிவு செய்து புத்தகமாக வெளியிட்டார்களே, அதன் அருமை அப்போதுதான் தெரிகிறது. கல்லைக் காப்பாற்ற முடியாத இடத்தில் கல்லின் உருவத்தையாவது காப்பாற்றலாம். அங்கேதான் காமிரா வருகிறது.

தமிழ்நாட்டுச் சிற்பங்களுக்குக் காமிரா வந்த கதை சுவையானது. 1856-இல் சென்னையில் போட்டோகிராபிக் சங்கம் ஒன்று ஏற்பட்டது. அதை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர், தொழிலால் டாக்டர்; சென்னைக் கலைப் பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. அதே ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை அரசாங்கம் படம் பிடிப்பதற்கென்றே நியமித்தது. அவர் 1857-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். இன்றைக்குப் போல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற காமிராவா அது! பெரிய பெட்டி, மெழுகு பூசிய காகித நெகடிவ், மருந்துப் புட்டிகள், இவற்றையெல்லாம் சுமக்க ஆட்களும் வண்டியும். வெளிச்சம் பதிய நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அசைகிற மனிதன் படத்தில் விழமாட்டான். அசையாத தூண் விழும். ஆகவே அந்தப் படங்களில் நம் கோவில்கள் ஜனசந்தடியே இல்லாமல், ஏதோ ஊரே காலி செய்துகொண்டு போனமாதிரி இருக்கும்.

தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக 21 படங்கள் எடுத்து, ஒரே நீளப் பட்டையாகச் சேர்த்தார். கல்லில் வெட்டிய சாசனத்தைக் காகிதத்தில் படிக்கலாம் என்று 1858-இலேயே காட்டியவர் அவர். அமராவதியிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்திருந்த பௌத்தச் சிற்பங்களையும் அதே ஆண்டில் படம் பிடித்தார். விரைவிலேயே அவற்றில் பெரும் பகுதி கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டது. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பிறகு சர் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்தார். சிக்கனம் அவருடைய மந்திரம். படம் பிடிப்பதெல்லாம் ஆடம்பரம் என்று அந்த இலாகாவை மூடினார்! சர்க்கார் மிச்சம் பிடித்த பணம் எந்தக் கணக்கில் கரைந்ததோ. டிரைப் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன.

கோவில் சிற்பமாவது இருந்த இடத்தில் இருக்கும். தெருமுனைச் சிலைக்கு அந்த நிச்சயம் கிடையாது. சென்னையைப் பாருங்கள். மவுண்ட் ரோடில் நீல் என்ற தளபதியின் சிலை நின்றது. 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமை செய்தவன் என்று பெயர் பெற்றவன் அவன். அந்தச் சிலையை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டர்கள் சிறை சென்றார்கள். 1937-இல் ராஜாஜி பிரதம மந்திரியானதும் சிலை மியூசியத்துக்குப் போயிற்று. அதே சென்னையில், 1839-இல் நிறுத்தப்பட்ட தாமஸ் மன்றோ அங்கவடி இல்லாத குதிரைமேல் இன்னும் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் இறக்கவில்லை. குடியானவனோடு நேராகப் பேசி நிலவரி தீர்மானித்தவர் என்ற நல்ல பெயர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவரைக் காப்பாற்றி வருகிறது. ஜனங்களுக்கு ஞாபகசக்தி இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு சிலைகளையும் நினைத்துப் பார்க்கட்டும்.

நம்மவர் சிலைகளும் நகராமல் இல்லை. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் நிறுத்திய கண்ணகி, 2001 டிசம்பரில் இரவோடிரவாக எடுக்கப்பட்டு, 2006-இல் திரும்பி வந்தாள். மதுரையை எரித்தவளுக்கே இந்தக் கதி! அதே 2006-இல் வைத்த சிவாஜி கணேசனின் சிலை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2017-இல் மணிமண்டபத்துக்கு மாறிற்று. இந்த மாற்றங்களில் எது நியாயம், எது அநியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அந்தந்த இடத்தில் அந்தந்தச் சிலை நின்றபோது சுற்றுப்புறம் எப்படி இருந்தது என்பதை நாளைக்கு யாராவது கேட்டால், பதில் சொல்லப் போவது யாரோ ஒருவர் போகிற போக்கில் எடுத்த படந்தான்.

இதன் உச்சத்தைப் பாரிஸ் நகரம் கண்டது. ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது, 1941-இலும் 42-இலும், உலோகம் வேண்டுமென்று பாரிஸ் வீதிகளிலிருந்த வெண்கலச் சிலைகளைப் பெயர்த்தெடுத்து உருக்கினார்கள். உருக்குவதற்கு முன் அவை ஒரு கிடங்கில் குவிந்து கிடந்தன. பியேர் ஜஹான் என்ற புகைப்படக்காரர் அங்கே நுழைந்து அவற்றைப் படம் பிடித்தார். அறிஞர்களும் வீரர்களும் தேவதைகளும் ஒருவர்மேல் ஒருவராகச் சாய்ந்து கிடக்கும் அந்தக் காட்சி, போர்க்களத்துப் பிணங்களைப் போலவே இருக்கும். போர் முடிந்த பின், 1946-இல், ழான் கோக்தோ எழுதிய உரையோடு அது புத்தகமாயிற்று. சிலைகள் போன போக்கு நமக்குத் தெரிவது அந்தக் காமிராவினால்.

இனி, சிலையைப் படம் பிடிக்கிறவர்களிடம் இரண்டு வார்த்தை. இன்று எல்லாரிடமும் காமிரா இருக்கிறது. எடுக்கிற படத்திலோ சிலையின் முகம் பாதி, எடுக்கிறவரின் முகம் பாதி. முகத்தோடு நின்றுவிடாதீர்கள். பீடத்தைச் சுற்றி வாருங்கள். வைத்தது எந்த ஆண்டு, திறந்து வைத்தவர் யார், செலவை ஏற்றது யார் என்பதெல்லாம் பீடத்தில்தான் இருக்கும், அதுதான் சரித்திரம். உச்சி வெயிலில் கல்லின் முகம் செத்துப்போகும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் சரிந்து விழும்போது தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். பக்கத்தில் உள்ள டீக்கடையையும் பஸ் ஸ்டாப்பையும் தள்ளிவிட்டுப் படம் எடுக்காதீர்கள். ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவனுக்குச் சிலையைவிட அந்த டீக்கடையே அபூர்வமாக இருக்கும்.

சென்னைக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையை இதற்கு நல்ல பாடமாகச் சொல்லலாம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959 ஜனவரியில் குடியரசு தினத்துக்கு முன்னாள் வைத்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். நால்வரில் ஒருவருக்கும் பெயரில்லை. முன்னால் நின்று பார்த்தால் தசையின் முறுக்கு. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால்தான் பாரத்தின் அளவு. ஒரே படத்தில் இரண்டும் அடங்காது. சுற்றி நடந்தே ஆகவேண்டும். பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற பெண்ணுக்கும் இப்படியொரு சிலை திருப்பூரில் எழுந்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சுவர்ச் சித்திரத்தின் நிலை இன்னும் பரிதாபம். 2020-இல் சென்னை கண்ணகி நகரில் குடியிருப்புச் சுவர்கள்மேல் ஆள் உயரத்துக்குப் பல மடங்காகச் சித்திரங்கள் எழுந்தன. நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைக்கப்பட்ட ஏழை ஜனங்களின் வாசஸ்தலம் அது. பெயிண்டு உரியும் வரையில்தான் அவற்றுக்கு ஆயுசு. சட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பத்தைப் படம் பிடிக்கவும் அதை வெளியிடவும் யாருக்கும் அனுமதி தருகிறது. அந்த விதிவிலக்கில் ஓவியத்தைச் சேர்க்கவில்லை. நிலைத்து நிற்பதற்குச் சலுகை. நாளைக்கு அழியப்போவதற்கு இல்லை! படத்தை விலைக்கு விற்க நினைப்பவர்கள் ஓவியரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற வழியில் திருமுருகன்பூண்டி இருக்கிறது. சுந்தரர் பொன்னைப் பறிகொடுத்துப் பாடிப் பெற்ற தலம். அங்கே சாலையோரத்தில் சிற்பக் கூடங்கள் பல. உளிச் சத்தம் ஓயாது கேட்கும். பாதி முகம் வெளிவந்த பிள்ளையாரும், இன்னும் கண் திறக்காத அம்மனும் வெயிலில் காத்திருப்பார்கள். அவிநாசிக் கோவிலிலோ முதலை விழுங்கிய பிள்ளையை வாயிலிருந்து திருப்பித் தருகிற சிற்பத்தைக் காணலாம். சுந்தரர் பாடி மீட்ட பிள்ளை அது. காலமும் ஒரு முதலைதான். நமக்குப் பாடி மீட்கத் தெரியாது. கையில் காமிரா இருக்கிறது.

அடுத்த முறை திருப்பூருக்குப் போகிறவர்கள், சரக்குப் பிடித்து முடித்ததும் ரயிலுக்கு அரை மணி முன்னதாக ஸ்டேஷன் பக்கம் வாருங்கள். குமரனைச் சுற்றி நடந்து, பீடத்தில் உள்ளதைப் படித்து, இரண்டு படம் எடுங்கள். படத்தின்கீழ்த் தேதியைக் குறித்து வையுங்கள். தேதியில்லாத படம் பெயரில்லாத நடுகல்லைப் போன்றது. எவருடையது, எப்பொழுதையது என்று தெரியாமல் துவைக்கிற கல்லாகிவிடும்.