இழிவும் தளர்ச்சியும்: எச்.ஐ.வி.யுடன் மூப்படைந்த அமெரிக்க லத்தீனோக்கள்

அமெரிக்காவில் 1981இல் முதன்முதலாகப் பதிவான எய்ட்ஸ் நோய், பல மருந்துகளை ஒருசேரத் தரும் கூட்டுச் சிகிச்சை 1996இல் பரவும்வரை பெரும்பாலோரை முதுமை காணவிடாத நோயாகவே இருந்தது. லத்தீன் அமெரிக்க வழிவந்தோராகிய லத்தீனோக்களிடையே, நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கர் குடியிருப்புகளில் போதை ஊசி வழியாகவும், பிற நகரங்களில் பெரிதும் ஆண்களுக்கிடையிலான உறவு வழியாகவும் பரவிய அத்தொற்று, ஆண்மைப் பெருமிதத்தையும் கத்தோலிக்க ஒழுக்கத்தையும் போற்றிய குடும்பங்களில் வாய்திறந்து சொல்லமுடியாத இழிவாயிற்று.

அரசும் அவ்விழிவுக்குச் சட்ட வடிவம் தந்தது என்பதே இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி: 1987இல் விதிக்கப்பட்டு 2010 ஜனவரியில்தான் நீங்கிய தடை, எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி உள்ள அயல்நாட்டார் அமெரிக்காவுக்குள் நுழைவதையும் குடியேறுவதையும் மறுத்ததால், ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பரிசோதனையே அச்சமூட்டுவதாயிற்று. இத்தகைய அச்சத்தினிடையே, கியூபாவில் பிறந்த பெட்ரோ சமோரா 1994இல் தொலைக்காட்சியில் தம் நோயை வெளிப்படையாகப் பேசி, அவ்வாண்டே 22ஆம் வயதில் மறைந்தார்; அத்துணிவு அரியது.

கூட்டுச் சிகிச்சையால் உயிர்பிழைத்து மூப்படைந்தோரை இன்று வருத்தும் 'தளர்ச்சி' என்பது வெறும் மூப்பன்று. காரணமின்றி எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி வலுவிழத்தல், நடை மந்தமாதல், உடலுழைப்புக் குறைதல் ஆகிய ஐந்தில் மூன்றேனும் காணப்படுவதே தளர்ச்சி என 2001இல் லிண்டா ஃபிரீடு குழுவினர் வரையறுத்தனர். நடை வேகத்தை அறிய 15 அடி தூரத்தை நடக்கவைத்து நேரம் கணிக்கும் சோதனையில், மருந்தால் கிருமி அடங்கிய பின்னும் நீடிக்கும் உள்ளழற்சியின் விளைவு புலப்படக்கூடும். ஆயின் நோயை மறைப்பதற்காக உறவினரையும் கோயிலையும் விட்டு விலகி வாழ்ந்த ஆண்டுகள் அவர்களின் உடல் தளர்ச்சியில் எவ்வளவு பங்கு கொண்டன என்பதை எந்தக் கடிகாரமும் தனித்துக் காட்டாது.