குழாய் கட்டிய ஜீப்பும் டிக்கியில் வைத்த பெட்டியும்

இந்த எபிசோட் ஒரு கேள்வியில் இருந்து ஆரம்பிக்குது. போன மாசம் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். உள்ளே இருந்த செட் கரகரன்னு இருந்தது. நேரா சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். கார் சீட் கவரில் இருந்து ஹாரன் வரைக்கும் விற்கிற தெரு அது. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "பேஸ் வேணுமா, கிளாரிட்டி வேணுமா சார்?"

எனக்குப் பதில் தெரியல. ஆனா எங்க மாமா ஞாபகம் வந்தது.

என் அம்மாவுக்கு ஊர் அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டை. முந்திரிக்காடு சூழ்ந்த ஊர். மாதா கோயில் திருவிழான்னா வெளியூர்ல இருக்கிற எல்லாரும் வந்து சேருவாங்க. மாமா அங்க ரேடியோ செட் வச்சிருந்தவர்கிட்ட டிரைவர். ஜீப்போட கூரையில் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டு குழாய் கட்டியிருக்கும். சீட்டுக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர், அதுக்குத் தனி பேட்டரி. திருவிழா அறிவிப்பு, தேர்தல் பிரச்சாரம், டூரிங் டாக்கீஸ் விளம்பரம், சாவுச் செய்தி, எல்லாத்துக்கும் அந்த ஜீப்தான்.

கார் ஆடியோ வரலாறுன்னு தேடினா எல்லாரும் அமெரிக்காவில் இருந்துதான் தொடங்குவாங்க. 1930இல் சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின் தன் ஸ்டூட்பேக்கர் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்கு ஓட்டிப் போனார். ஸ்டால் எடுக்கக் காசில்லை. வாசலில் காரை நிறுத்தி, போறவங்க வர்றவங்களுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டி ஆர்டர் பிடித்தார். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர் மோட்டோரோலா. விலை 110இல் இருந்து 130 டாலர். அப்போ ஒரு சாதாரண ஃபோர்டு மாடல் ஏ காரே 500 டாலருக்குள் கிடைத்தது! டேஷ்போர்டை அறுத்து, கூரைத் துணிக்குள் ஆன்டெனா ஓட்டி, தனி பேட்டரிகளைத் தரைக்கு அடியில் வைத்துத்தான் பொருத்தணும். அதாவது, கார் ஆடியோ பிறந்ததே கஸ்டம் வேலையாகத்தான். கம்பெனி ஃபிட்டிங் எல்லாம் பிறகு வந்தது.

ஆனா நம்ம ஊர்க் கதை அப்படியே தலைகீழ். அங்கே ஓட்டுறவர் கேட்பதற்காக ரேடியோ காருக்குள் வந்தது. இங்கே பெரும்பாலான கிராமங்களில் வண்டியில் ஒலி முதலில் ஏறியது வெளியே நிற்பவர்கள் கேட்பதற்காக. வண்டிக்குள் உட்கார்ந்தவர் அதை அனுபவிக்கணும்ங்கிற எண்ணமே யாருக்கும் இல்லை.

குழாய் ஏன் அந்த வடிவத்தில் இருக்குன்னு ஒரு நிமிஷம் சொல்லிடறேன். சாதாரண கார் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தள்ளிச் சுமார் 90 டெசிபல் வரும். அதே 1 வாட்டைக் குழாய்க்குக் கொடுத்தா 105ஐத் தொடும். பேட்டரியை நம்பி ஓடுற வண்டிக்கு இது பெரிய வரம். கொடுத்த விலை என்னன்னா, அடித்தொனி மொத்தமாகப் போயிடும். பேச்சு கணீர்னு கேட்கும். நாதஸ்வரம் வரும். தவிலில் வலந்தலை வரும், தொப்பியோட கும்கி வராது. நம்ம தாத்தா தலைமுறை சினிமாப் பாட்டைப் பாதி பாட்டாகத்தான் கேட்டிருக்குன்னு நான் சொன்னா யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

ஒலி உள்ளே திரும்பியது கேசட்டால். ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஒட்டன்ஸ் குழு உருவாக்கிய கேசட் 1963இல் பெர்லின் கண்காட்சியில் வந்தது. 1960களின் முடிவிலேயே காருக்கான கேசட் பிளேயரும் வந்துவிட்டது. நம்மிடம் அது வந்து சேர்ந்த வழி வேற. இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டின காலம். அதனால் சிங்கப்பூரில் இருந்தும் வளைகுடாவில் இருந்தும் வந்தவர்களின் பெட்டியில் வந்தது. சென்னையில் பர்மா பஜார். பர்மாவில் இருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் அமைந்த அந்தக் கடை வரிசையில் ஜப்பான் செட் கிடைக்கும், பில் கிடைக்காது.

மாமா 90களில் ஜீப்பை விட்டுட்டு வேனுக்கு மாறினார். கல்யாண சவாரி, வேளாங்கண்ணி சவாரி. ஓனர் ஒரு கேசட் செட்டும் நாலு ஸ்பீக்கரும் வச்சுக் கொடுத்தார். அப்புறம் ஊர் ஆசாரி பிளைவுட்டில் ஒரு பெட்டி அடிச்சு, மேலே கார்ப்பெட் ஒட்டி, பன்னிரண்டு இன்ச் ஊஃபரை உள்ளே இறக்கினார். வேன் திருமானூர் தாண்டும்போதே பாட்டு எந்தப் பாட்டுன்னு ரோட்டில் நிற்கிறவனுக்குத் தெரியும். கவனிச்சீங்களா? உள்ளே போன ஒலி திரும்ப வெளியே வந்துடுச்சு. எந்தப் பாட்டு எந்தத் தெருவில் சத்தமாக ஒலிக்கலாம் என்பதும் அதோடு வந்தது. சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டுக்கிட்டு இன்னொருத்தர் தெரு வழியா வண்டியை மெதுவா ஓட்டுறது ரசனை கிடையாது. அதற்கு ஆம்ப்ளிஃபயர் வாங்குறவங்களும் இருக்காங்க.

இப்போ அந்தக் கடைக்காரர் கேள்விக்கு வர்றேன். செட் டப்பாவில் '50 வாட் x 4'னு போட்டிருப்பாங்க. நம்பாதீங்க. கார் ஓடும்போது கிடைப்பது சுமார் 14 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். அந்த வோல்ட்டை அப்படியே வச்சுக் கணக்குப் போட்டா ஒரு ஸ்பீக்கருக்குச் சுத்தமாக வருவது ஏறக்குறைய 20 வாட்தான். அதுக்கு மேல முறுக்கினா அலை தலையும் அடியும் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதிக வாட் வேணும்னா உள்ளேயே வோல்ட்டை ஏத்திக்கிற தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கணும், பேட்டரியில் இருந்து தனி ஒயர் இழுக்கணும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடணும். ஃபியூஸில் காசு மிச்சம் பிடிக்கிற கடையில் இருந்து உடனே கிளம்பிடுங்க. ஒயர் உரசினா தீதான்.

நான் அன்னைக்குப் பெட்டி எதுவும் வாங்கல. முன்கதவு ஸ்பீக்கரை மட்டும் மாத்தினேன், கதவுத் தகட்டுக்குள் அதிர்வைத் தடுக்கும் ஷீட் ஒட்டச் சொன்னேன். பாதிக் கரகரப்பு தகட்டோடதுதான்னு அப்புறம்தான் புரிஞ்சது.

இன்னொரு கணக்கும் மனசில் இருந்தது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம்னு அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியாஷ் சொல்லுது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம். 100 என்றால் 15 நிமிஷம். மாமா வேளாங்கண்ணிக்குப் போய் வர ஒரு முழு நாள் ஆகும். பாட்டை நிறுத்தினா உள்ளே இருக்கிற பசங்க கத்துவாங்க. அதுக்கு முன்னாடி பத்து வருஷம் தலைக்கு மேலே குழாய். இப்போ அவர் போனை இடது காதில்தான் வைப்பார். வலது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டார். நாங்க ரொம்ப நாள் அதைத் திமிர்னு நினைச்சிருக்கோம்.

போன வாரம் ஊருக்குப் போனப்போ அவரை முன் சீட்டில் உட்கார வச்சு ஒரு பழைய பாட்டுப் போட்டேன். அவர் தலையை லேசாச் சாய்ச்சார். நான் செட்டிங்ஸில் பேலன்ஸை இடது பக்கம் நகர்த்தினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"மாப்ள, இதுல தவிலு இருக்குதா?"ன்னு கேட்டார். "இத்தனை வருஷம் ஜீப்புல போட்ட பாட்டுடா இது."