கூடத்துத் தொலைபேசியின் சுருள் ஒயர்

புதுவை முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருக்கிறது. அப்பா பல ஆண்டுகள் காத்திருந்து 1983இல் பெற்றது. அண்மையில் அதன் ரிசீவர் ஒயர் நைந்து, பாரீசிலிருந்து தம்பி பேசும்போதெல்லாம் குரல் அறுந்து அறுந்து வந்தது. புதுக் கருவி வாங்கிவிடலாம் என்றேன். "அப்பா பேசினது இதுலதான். ஒயரை மட்டும் மாத்துடா" என்றார் அம்மா. கடை கடையாக அலைந்தபோதுதான் இந்தச் சுருளுக்கும் ஒரு வரலாறு உண்டென்பது உறைத்தது.

தொடக்கத்தில் தொலைபேசி ஒயர்கள் சுருளானவை அல்ல. நூற்பின்னல் உறையிட்ட நேர் ஒயர்கள். மேசையில் புரண்டு முறுக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 1930களின் இறுதியில் சுருள் ஒயர் வரத் தொடங்கியது. பிரிட்டிஷ் அஞ்சல் துறை 1959இல் கொணர்ந்த 700 வரிசைக் கருவிகளில் அது இயல்பாயிற்று. பெங்களூரில் 1948இல் நிறுவப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்டிரீஸ் பிரிட்டிஷ் தொழில்நுட்ப உதவியுடன் எழுந்ததாகையால் நம் கருவிகளிலும் அந்தச் சாயலே. புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். பிரான்சின் புகழ்பெற்ற எஸ்63 கருவி வந்தது 1963இல். அதன் பின்புறம், இன்னொருவர் உடனிருந்து கேட்பதற்கென்றே தனிக் காதுக்குழல் ஒன்று தொங்கும். வரலாறு சற்றே தாமதித்திருந்தால் நம் கூடங்களுக்கு அதுவே வந்திருக்கலாம். (புதுவை மாமியார்கள் இழந்தது பெரிது.)

அக்காலத்தில் கருவி துறையின் உடைமை. ஒயர் பழுதானால் லைன்மேன் வந்து மாற்றுவார். வீட்டுக்காரர் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. 1980களின் நடுவில் தனியார் தொலைபேசிக் கருவிகள் செய்ய அனுமதி பெற்ற பிறகே பொத்தான் கருவிகளும், இரு முனையிலும் செருகிக் கழற்றும் ஒயர்களும் கடைகளுக்குப் பரவலாக வந்தன. நேரு வீதியில் எனக்குக் கிடைத்ததும் அதுவே. அதில் நான்கு கம்பிகள்: வழக்கமாக நடு இரண்டும் காதுக்கு, ஓரத்து இரண்டும் வாய்க்கு. சுவரிலிருந்து வரும் லைன் ஒயரின் முனை பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சற்று அகலம், ரிசீவரில் நுழையாது. நீளம் சொல்லும் கடைக்காரரிடம், இழுத்த நீளமா சுருங்கிய நீளமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் கருவியிலோ ஒயரின் முனைகள் கவட்டை வடிவத் தகடுகள். உள்ளே திருகாணியால் இறுக்கப்படுபவை. புது ஒயரை வெட்டிப் பற்றவைத்துவிடலாமே என்று கேட்டேன். மெக்கானிக் சிரித்தார். இவ்வகை ஒயருக்குள் முழுச் செம்புக் கம்பி கிடையாது. நூலின்மேல் மெல்லிய செம்பு நாடா சுற்றியிருக்கும். ஓயாமல் இழுபட்டும் எளிதில் ஒடியாதிருப்பது அதனால்தான். சூடு பட்டால் நூல் கருகிவிடும். தகட்டை நசுக்கித்தான் பிடிக்கவைக்க வேண்டும்.

ஞாயிறன்று காந்தி வீதிச் சந்தையில், எண்வட்டு உடைந்த பழைய கருவி ஒன்று கண்ணில் பட்டது. ஒயர் மட்டும் கேட்டேன். "முழுசா எடுத்துக்குங்க சார்" என்றார் வியாபாரி. எடுத்துக்கொண்டேன். எந்த நிறக் கம்பி எந்தத் திருகில் என்று தாளில் குறித்துக்கொண்டு மாற்றினேன்.

இப்போது எங்கள் இணைப்பு கண்ணாடியிழை வழியே வருகிறது. எண்வட்டின் துடிப்புகளை அந்தப் புதுப் பெட்டி அறிவதில்லை; ஆகவே இதிலிருந்து யாரையும் அழைக்க இயலாது. அழைப்பு வந்தால் மணியடிக்கும், பேசலாம். அம்மாவுக்கு அது குறையாகத் தெரியவில்லை. "அவன்தானே கூப்புடுவான்" என்கிறார்.