அஸ்ரோல் வேரும் லித்தியம் உப்பும்

யூனானி மருத்துவத்தின் சிறப்புப் பேசப்படும் அவைகளில் ஒரு கூற்றை நாம் அடிக்கடி கேட்டு வருகிறோம். மனநோய்க்கு ஆங்கில மருத்துவர்கள் கொடுக்கும் மருந்து ஹகீம் அஜ்மல் கான் அவர்கள் வழங்கியதே என்பது அக்கூற்று. இதில் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

அளவிறந்த எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோயை இன்று இருமுனைப் பிறழ்வு என்கின்றனர். மானியா, மாலீகூலியா என்னும் பெயர்களில் அரபு மருத்துவர்கள் இத்தகைய நிலைகளை எழுதி வைத்தனர். கைரவானில் வாழ்ந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் மாலீகூலியாவுக்கெனத் தனி நூலே இயற்றினார். இப்னு ஸீனா தம் அல்கானூனில் இவற்றைக் கரும்பித்தத்தோடு தொடர்புபடுத்தினார். அக்காரணம் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் இதனை மருந்துக்குரிய நோயாக அவர்கள் கண்டது நினைவிற் கொள்ளத்தக்கது. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது.

இந்திய ஹகீம்கள் அஸ்ரோல் எனவும், வைத்தியர்கள் சர்ப்பகந்தா எனவும் வழங்கிய வேர் வெறியைத் தணிக்கப் பயன்பட்டது. வடநாட்டு மக்கள் அதனைப் ‘பாகல் கீ தவா’, அதாவது பைத்தியத்திற்கான மருந்து என்றே அழைத்தனர். டெல்லியில் திப்பிய்யா கல்லூரியை வளர்த்த அஜ்மல் கான் அவர்கள், நாட்டு மருந்துகளை வேதியியல் முறையில் சோதிக்க விரும்பினார். ஜெர்மனியில் பயின்ற ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகீ அப்பணியை ஏற்றார். 1927இல் ஹகீம் அவர்கள் மறைந்தார். 1931இல் அவ்வேரிலிருந்து தாம் பிரித்தெடுத்த பொருளொன்றுக்கு ஸித்தீகீ ‘அஜ்மலீன்’ எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய வங்க மருத்துவர் இருவரும் இவ்வேர் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் பயன்படுவதை எழுதினர்.

இங்கேதான் மேற்கண்ட கூற்று பிழைபடுகிறது. அஜ்மலீன் இதயத் துடிப்பு தொடர்பான மருந்தேயன்றி மனநோய் மருந்தன்று. மனத்தை அமைதிப்படுத்தும் ரிஸர்பீன் என்னும் பொருளை 1952இல் சுவிட்சர்லாந்தின் ஸீபா நிறுவன ஆய்வாளரே அவ்வேரிலிருந்து பிரித்தனர். சில ஆண்டுகள் அது மனநோய் மருத்துவத்தில் பெரிதும் வழங்கிற்று. பின்னர், சோர்வை உண்டாக்குகிறது என்ற அச்சத்தாலும் புதிய மருந்துகளின் வருகையாலும் வழக்கொழிந்தது. அவ்வச்சம் எவ்வளவு பொருத்தமானது என்பது பற்றி இன்று கருத்து வேறுபாடு உண்டு.

நிலைத்து நின்றது லித்தியம் என்னும் எளிய உப்பு. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் எழுச்சி நோயாளர் பத்துப் பேருக்கு அதனைக் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டார். ஆண்டுக்கணக்கில் நோயுற்றிருந்த ஒருவர் குணமடைந்து வீடு திரும்பினார், மருந்தைக் கைவிட்டார், நோய் மீண்டது. மறுபடி மருந்து கொடுத்தபோது, அதன் நஞ்சு ஏறி 1950இல் உயிரிழந்தார். மருந்தை விடுவதிலும் ஆபத்து, அளவு மீறுவதிலும் ஆபத்து என்பதற்கு அம்மனிதரின் கதையே சான்று. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ 1954இல் ஒப்பீட்டுச் சோதனை நடத்தி அதன் பயனை உறுதிப்படுத்தினார். இரத்தத்தில் லித்தியத்தின் அளவைச் சோதித்துக்கொண்டே மருந்து கொடுக்கும் முறையும் வேரூன்றியது. 1970இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. இன்றும் இந்நோய்க்கு அது முதன்மையான மருந்துகளுள் ஒன்றாகும்.

முன்னோரின் மருந்தையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்ற துணிவே அஜ்மல் கான் அவர்கள் விட்டுச் சென்ற உண்மையான சொத்து. அவர் பெயரைச் சொல்லி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேர்ப்பொடி தேடுவோர் அவரைப் பின்பற்றியவராகார். மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழியில், மருந்துண்பது தவக்குலுக்கு முரணன்று. நம் இல்லத்தில் ஒருவர் இந்நோயால் வருந்தும்போது, துஆவுடன் மாத்திரையும் இரத்தச் சோதனையும் தவறாமல் நடைபெறச் செய்வது நம் பொறுப்பாகும்.