ஃப்ரீமேசன் லாட்ஜ்: கூட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம்

ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர், அதன் தலைவருக்கு 'வர்ஷிப்ஃபுல் மாஸ்டர்' என்று பெயர். அவசரக் கூட்டம் கூட்டுவதும், கூடிய சபையை முடித்துவைப்பதும் அவர் கையில். கூட்டத்தை ஒத்திவைக்க உறுப்பினர் தீர்மானம் கொண்டுவர முடியாது, சுத்தியலைத் தட்டி முடிக்க வேண்டியவர் மாஸ்டரே என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேசனிய அறிஞர் ஆல்பர்ட் மேக்கியின் கருத்து. வழக்கமான மாதக் கூட்டத்தின் கதை வேறு. அதன் நாளைக் குறிப்பது துணைவிதி. தலைவர் நினைத்தபடி அதை ரத்து செய்வதைப் லாட்ஜுகளுக்கு மேலமைப்பான பல கிராண்ட் லாட்ஜுகள் ஏற்பதில்லை, மேலிட அனுமதி கேட்கின்றன. பனிப்புயலில் சாலை அடைபட்ட இரவிலும் இதைக் கறாராகப் பிடிப்பது சற்று அதிகம்தான். கூட்ட நாளைக் குறிக்கும்போதே பயணச் சிரமத்தைப் பார்த்ததும் உண்டு. அமெரிக்கக் கிராமப்புற லாட்ஜுகள் பல ஒருகாலத்தில் பௌர்ணமியை ஒட்டியே கூடின: குதிரையில் வீடு திரும்ப நிலவொளி வேண்டுமே! 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜே கூட்டங்களை நிறுத்திவைத்தது. முடிவைத் தனித்தனி மாஸ்டர்களிடம் விடவில்லை.