மொய் நோட்டிலிருந்து ஊடாட்டத் திரைக்கு: சமூக வலையமைப்பைக் காட்டும் கருவிகளின் வளர்ச்சி

முன்னுரை

தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பிரித்தால் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். இன்னாரிடமிருந்து இன்னாருக்கு இவ்வளவு என்னும் இந்தப் பதிவும், வலையமைப்பு ஆய்வாளர் சேகரிக்கும் தரவும் ஒரே வடிவம் கொண்டவை. ஒரு நோட்டின் கணக்கை ஒரு குடும்பம் நினைவில் வைத்துக்கொள்ளும். நூறு வீட்டு நோட்டுகளைச் சேர்த்துப் பார்க்கப் படம் வேண்டும். அந்தப் படம், பார்ப்பதற்கு மட்டுமான ஒன்றிலிருந்து கேள்வி கேட்கத்தக்க ஒன்றாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. முந்தைய படத்தால் பதில் சொல்ல முடியாத கேள்விகளே ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணமாயின என்பதும், அவற்றுள் சில தென்னிந்திய ஊர்களில் எழுந்தவை என்பதும் இதன் வாதம்.

நீலகிரி அட்டவணைகள்

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02-இல் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி அவர்களுடைய வம்சாவளிகளைக் கேட்டெழுதினார். 1906-இல் வெளிவந்த 'தி தோடாஸ்' நூலில் அவை எண்ணிட்ட அட்டவணைகளாக அச்சாயின. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டும் வழக்கமுள்ள சமூகத்தில் கணவன் மனைவி இருவரின் முன்னோரும் சில தலைமுறைக்கு மேலே ஒன்றாகிவிடுவர். அதைக் கிளை பிரியும் மரமாக வரைந்தால் ஒரே ஆளை இரண்டு இடங்களில் எழுத வேண்டியிருக்கும். எனவே ரிவர்ஸின் வாசகர் ஓர் அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்குப் பக்கம் புரட்டித்தான் உறவைத் தொடர முடியும். மரம் போதாது, வலை வேண்டும் என்ற தேவை அந்தப் பக்கங்களிலேயே தெரிகிறது.

கையால் வரைந்த வலை

1933 ஏப்ரலில் ஜேக்கப் மொரேனோ நியூயார்க்கில் தம் சமூக வரைபடங்களைக் காட்சிக்கு வைத்தார். ஆட்கள் புள்ளிகளாகவும் உறவுகள் கோடுகளாகவும் இருந்தன. மறு ஆண்டு அவரது நூல் வந்தது. ஆனால் ஆட்கள் கூடக்கூடக் கோடுகள் சிக்கலாயின. யாரை எங்கே வைப்பது என்பதும் வரைபவர் விருப்பமாகவே இருந்தது. 1946-இல் ஃபோர்சைத், காட்ஸ் இருவரும் இதைச் சுட்டிக்காட்டி, கோடுகளுக்கு மாற்றாக எண் கட்டங்களான அணி வடிவத்தை முன்வைத்தனர்.

இந்தியாவில் கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது. தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் களப்பணி செய்து, அதற்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயரிட்டு எழுதியவர் ஆந்த்ரே பெத்தேய். அவரும் எம். என். ஸ்ரீநிவாசும் 1964-இல் 'மேன்' இதழில் இந்தியச் சமூக அமைப்பில் வலையமைப்புகள் பற்றிச் சேர்ந்து எழுதினர். சாதி, கிராமம், வம்சம் என்று எல்லை கட்டிய குழுக்களை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அந்த எல்லைகளைத் தாண்டிச் செல்லும் தனிமனிதத் தொடர்புகளையும் பின்தொடர வேண்டும் என்றனர். எல்லை தாண்டும் கோட்டைத் தனியே பிரித்துக் காட்டும் படம் அன்று எளிதில் கிடைக்கக்கூடியதாக இல்லை.

கணினித் திரை

1984-இல் பீட்டர் ஈட்ஸ் புள்ளிகளைச் சுருள்வில்லால் இணைத்தது போலக் கணக்கிட்டு இடம் தரும் முறையை வெளியிட்டார். 1991-இல் ஃப்ருக்டர்மன், ரெயின்கோல்டு இருவரும் அதை மேம்படுத்தினர். வரைபவரின் விருப்பம் விலகியது. புதிய மயக்கம் ஒன்று வந்தது. அதே தரவை மறுமுறை ஓட்டினால் புள்ளிகள் வேறிடத்தில் போய் நிற்கலாம். திரையில் மேலே இருப்பவர் ஊரிலும் மேலே இருப்பவர் என்று பொருளில்லை.

1996-இல் ஸ்லோவேனியாவில் பெரிய வலைகளுக்கான 'பாயெக்' மென்பொருளின் பணி தொடங்கியது. அதே ஆண்டு பென் ஷ்னைடர்மன், முதலில் முழுமை, பிறகு நெருக்கமும் வடிகட்டலும், கேட்கும்போது விவரம் என்ற ஒழுங்கை வகுத்தார். 2005-இல் ஜெஃப்ரி ஹீர், டானா பாய்ட் இருவரின் 'விஸ்டர்' அதை நட்புத் தளப் பயனர்களின் கையிலேயே கொடுத்தது: ஒருவரைத் தொட்டால் அவருடைய நண்பர்கள் விரிவார்கள். பிரான்ஸில் உருவான 'கெஃபி' 2009-இல் ஆய்வுலகுக்கு அறிமுகமானது. 2011-இல் வந்த 'டி3' இத்தகைய படங்களை உலாவியில் இயக்குவதை எளிதாக்கியது.

எழுபத்தைந்து கிராமங்கள்

2006-இல் பெங்களூரிலிருந்து இரண்டு மூன்று மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள 75 கர்நாடகக் கிராமங்களில் ஆய்வு நடந்தது. அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டஃப்லோ, மேத்யூ ஜாக்சன் குழுவின் முடிவுகள் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. அவசரத்துக்கு அரிசியோ மண்ணெண்ணெயோ யாரிடம் வாங்குவீர்கள்? கோயிலுக்கு யாரோடு போவீர்கள்? பணம் யாரிடம் கேட்பீர்கள்? இப்படிப் பன்னிரண்டு வகை உறவுகள் பதிவாயின. நுண்கடன் திட்டம் பற்றி முதலில் தகவல் பெற்றவர்கள் வலையில் எங்கே இருந்தார்கள் என்பதைப் பொறுத்து அதில் ஊர் எவ்வளவு சேர்ந்தது என்பது மாறியதாக அறியப்பட்டது.

பொதுவில் கிடைக்கும் இந்தத் தரவைப் பன்னிரண்டு உறவுகளும் கலந்த ஒரே படமாக வரைந்தால் மயிர்ச்சிக்குதான் மிஞ்சும். அரிசிக் கோடுகளை மட்டும் விட்டுப் பிறவற்றை மறைத்து, அதன்மேல் சாதியை நிறமாக ஏற்றினால்தான் எந்த உறவு எல்லை தாண்டுகிறது, எது தாண்டவில்லை என்று பார்க்க முடியும். 1964-இன் கேள்விக்கு அப்போது திரையில் இடம் கிடைக்கிறது. எச்சரிக்கையும் வேண்டும். தனிநபர்க் கேள்விகள் சுமார் பாதிக் குடும்பங்களிலேயே கேட்கப்பட்டன. ஓரத்தில் தனித்து நிற்கும் புள்ளி ஊரில் தனித்தவராக இருக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்கப்படாதவராக இருக்கலாம். யாரிடம் கேட்டார்கள் என்பதைக் காட்டாத கருவி தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

மாரண்டஹள்ளிக்கு இதனால் என்ன?

தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. குழுக்களின் தீர்மான நோட்டுகளிலும் உள்கடன் கணக்குகளிலும் நம்பிக்கையின் வலை பதிவாகி வருகிறது. பானர்ஜி குழுவினர் 2019-இல் வெளியிட்ட இன்னொரு கர்நாடக ஆய்வு இங்கே முக்கியம். செய்தியைப் பரப்ப யார் தகுந்தவர் என்று ஊராரிடமே கேட்டனர். அவர்கள் சுட்டியவர்களிடம் சொன்ன செய்தி, ஊர்ப் பெரியவர்களிடமோ குலுக்கலில் எடுத்தவர்களிடமோ சொன்னதைவிட அதிகம் பரவியது. தங்கள் வலையை ஊரார் அறிவார்கள்.

ஆகவே இக்கருவிகளின் அடுத்த கட்டம் தரவு தந்தவர்களிடம் திரையைக் கொண்டுபோவதே. குழுக் கூட்டத்தில் பெண்கள் தாங்களே வடிகட்டிப் பார்த்து, இந்தக் கோடு தப்பு, இந்த வீடு விடுபட்டது என்று திருத்தும்போது தரவும் தேறும். ஆனால் கடன் உறவு வெளியே தெரிந்தால் மானப் பிரச்சினை. சின்ன ஊரில் பெயரை நீக்கினாலும் கோடுகளை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்னும் உரிமை அந்தப் பெண்களுக்கே இருக்க வேண்டும். நூறாண்டுக்கு மேலாக ஆய்வாளர் கையில் வளர்ந்த இந்தக் கருவி, அந்த உரிமையோடு ஊரார் கைக்கு வரும்போதுதான் தன் வேலையை முழுமையாகச் செய்யும்.